வீட்டுப் பெரியவருக்கு வலிப்பு நிற்காமல் போனால்

அப்பாவுக்கு முதல் தடவை வலிப்பு வந்த அன்று வீட்டில் ஏழு பேர் இருந்தோம். ஒருவர்கூட மணி பார்க்கவில்லை. பக்கவாதம் வந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. ஓரளவு தேறி, வாசலில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிற அளவுக்கு வந்திருந்தார். திடீரென்று தலை ஒரு பக்கம் திரும்பியது, கண் சொருகியது, கைகால் வெட்டி வெட்டி இழுத்தது. ஒருவர் இரும்புச் சாவியைத் தேடி ஓடினார். இன்னொருவர் ஸ்பூனை வாயில் திணிக்கப் பார்த்தார். அம்மா முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருந்தார். ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "எத்தனை நிமிஷமா இழுக்குது?" ஆளுக்கொரு கணக்குச் சொன்னோம்.

அதன்பின் ஐந்து வருடமாக அவரைப் பார்த்துக்கொள்கிறேன். டாக்டர்களிடமும் நர்ஸ்களிடமும் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதை, இந்த நிலைமைக்குப் புதிதாக வந்திருக்கும் குடும்பங்களுக்காக எழுதுகிறேன். மருந்தின் அளவை உங்கள் நரம்பியல் டாக்டர்தான் சொல்ல வேண்டும். மற்றவை வீட்டில் இருப்பவர் செய்யக்கூடியவை.

5 நிமிடக் கணக்கு எதற்கு

பெரும்பாலான வலிப்புகள் இரண்டு மூன்று நிமிடத்தில் தானாகவே அடங்கிவிடும். மூளைக்குள் ஓர் இயற்கையான பிரேக் இருக்கிறது, அது பிடித்துவிடும். கைகால் இழுக்கும் பெரிய வலிப்பு 5 நிமிடத்தைத் தாண்டிவிட்டால் அந்தப் பிரேக் பிடிக்கவில்லை என்று அர்த்தம். ஒரு வலிப்பு நின்று, நினைவு திரும்புவதற்குள் அடுத்தது வந்தாலும் அதே கணக்குத்தான். மருத்துவர்கள் இதை 'ஸ்டேட்டஸ் எபிலெப்டிகஸ்' என்பார்கள், தமிழில் தொடர்வலிப்பு. முன்பெல்லாம் 30 நிமிடம் நீடித்தால்தான் இந்தப் பெயரைச் சொல்வார்கள். இப்போது 5 நிமிடத்திலேயே சிகிச்சை தொடங்க வேண்டும் என்பதுதான் உலக அளவில் ஏற்றுக்கொண்ட முறை. 30 நிமிடம் தாண்டினால் மூளைக்கு நிரந்தரச் சேதம் வரக்கூடும்.

அவசரத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. வலிப்பை நிறுத்த முதலில் கொடுக்கும் லோராசெபாம், மிடாசோலாம் போன்ற மருந்துகள், நரம்பு செல்களின் மேற்பரப்பில் இருக்கும் சில வாங்கிகளில் போய் உட்கார்ந்துதான் வேலை செய்கின்றன. வலிப்பு நீள நீள, அந்த வாங்கிகள் செல்லின் உள்ளே இழுத்துக்கொள்ளப்படுகின்றன. அதே ஊசி ஆறாவது நிமிடத்தில் கேட்கும், நாற்பதாவது நிமிடத்தில் கேட்காமல் போகலாம். இதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் கடிகாரம் ஏன் அவ்வளவு முக்கியம் என்று எனக்கு உறைத்தது.

வலிப்பு தொடங்கிய உடனே

மணியைப் பார்த்து உரக்கச் சொல்லுங்கள். "இப்ப மணி ஏழு பத்து" என்று சத்தமாகச் சொன்னால் பக்கத்தில் இருப்பவர்களில் ஒருவருக்காவது நினைவிருக்கும். கையில் போன் இருந்தால் ஸ்டாப்வாட்ச் போடுங்கள்.

அடுத்தது 108. முதல் தடவையாக வரும் வலிப்பு, சர்க்கரை நோயாளி, விழுந்து தலையில் அடி, மூச்சு விடச் சிரமம் என்றால் 5 நிமிடம் காத்திருக்கவே வேண்டாம், உடனே கூப்பிடுங்கள். ஏற்கெனவே வலிப்பு உள்ளவருக்கு வழக்கமாக இரண்டு நிமிடத்தில் அடங்கிவிடும் என்றால் மணியைப் பார்த்துக் காத்திருக்கலாம் என்பார்கள். ஆனால் ஆம்புலன்ஸ் வந்து சேரவே நேரம் பிடிக்கும் கிராமம் என்றால், வயதானவர் விஷயத்தில் நான் முதல் நிமிடமே கூப்பிட்டுவிடுவேன். நின்றுவிட்டால் மறுபடி போன் செய்து சொல்லிக்கொள்ளலாம். இலங்கையில் இருப்பவர்களுக்கு 1990, சிங்கப்பூரில் 995, மலேசியாவில் 999.

அவர் தரையில் இருந்தால் தரையிலேயே இருக்கட்டும். தூக்கிக் கட்டிலில் போட முயலாதீர்கள். தலைக்கு அடியில் மடித்த துண்டு அல்லது சேலை. கண்ணாடியைக் கழற்றுங்கள், சட்டைக் காலரையும் வேட்டி முடிச்சையும் தளர்த்துங்கள், நாற்காலி, ஸ்டூல், சுடுதண்ணீர்ச் செம்பு எதுவானாலும் தள்ளி வையுங்கள். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், எச்சிலும் நுரையும் வாய் வழியாக வெளியே வடியும். இழுப்பு பலமாக இருந்து திருப்ப முடியவில்லை என்றால், அது கொஞ்சம் தணிந்ததும் திருப்புங்கள். திருப்பும்போது கையைப் பிடித்து இழுக்காமல், தோளிலும் இடுப்பிலும் கை வைத்து உருட்டுங்கள். பக்கவாதத்தில் முடங்கிய கையாக இருந்தால் தோள் மூட்டு எளிதில் நழுவிவிடும்.

சக்கர நாற்காலியில் இருந்தால் பிரேக் போட்டுவிட்டு, அதிலேயே வைத்துத் தலையைத் தாங்கிப் பிடியுங்கள். குளியலறை என்றால் கதவை முழுதாகத் திறந்து வைத்து, பக்கெட்டையும் மக்கையும் அப்புறப்படுத்துங்கள்.

சரி, செய்யக்கூடாதவை. கையில் இரும்பு கொடுப்பதால் வலிப்பு நிற்பதில்லை. இரும்பு கொடுத்ததும் நின்றது என்று பலர் சொல்வார்கள். தானாக அடங்கும் நேரமும், சாவியைத் தேடிக் கொண்டுவரும் நேரமும் ஒன்றாக இருப்பதால் அப்படித் தோன்றுகிறது. அதில் போகும் நிமிடங்கள்தான் உண்மையான நஷ்டம். பல் கிட்டியிருக்கும்போது ஸ்பூன், துணி, விரல் எதையும் வாயில் விடாதீர்கள். நாக்கை விழுங்கிவிடுவார் என்பது உண்மையல்ல. பல் உடைந்து மூச்சுக் குழாயில் போய்விடும் ஆபத்துதான் உண்மை. பல்செட் போட்டிருந்தாலும் இழுக்கும்போது கை வைக்க வேண்டாம். அடங்கிய பிறகு, அது தளர்ந்திருந்தால் எடுத்துவிடுங்கள். கைகால்களை அமுக்கிப் பிடிக்காதீர்கள். எலும்பு மெலிந்த வயதில், அமுக்கும் விசையிலேயே எலும்பு முறியலாம். செருப்பு, வெங்காயம், கற்பூரம் என்று எதையும் முகர வைக்க வேண்டாம். கற்பூரமும் யூகலிப்டஸ் தைலமும் வலிப்பைத் தூண்டக்கூடிய பொருள்கள். வலிப்பு உள்ளவர் இருக்கும் வீட்டில் தைலம் போட்டு ஆவி பிடிக்கும் பழக்கத்தையே விட்டுவிடுவது நல்லது.

தண்ணீர், காபி, சர்க்கரைத் தண்ணீர், மாத்திரை எதுவும் முழு நினைவு வரும்வரை வாயில் விடக்கூடாது. நுரையீரலுக்குள் போய் நிமோனியா ஆகிவிடும். வலிப்பிலிருந்து பிழைத்து நிமோனியாவில் சிக்கும் முதியவர்கள் உண்டு. குளுக்கோமீட்டர் இருந்தால் விரலில் குத்திச் சர்க்கரை பாருங்கள். 70 mg/dL-க்குக் கீழே இருந்தால் ஆம்புலன்ஸில் வருபவரிடம் முதல் வார்த்தையாக அதைச் சொல்லுங்கள், அவர்கள் நரம்பில் குளுக்கோஸ் ஏற்றுவார்கள்.

இன்னொருவர் போனில் வீடியோ எடுக்கட்டும். அந்த நேரத்தில் இது மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும். ஆனால் தலை எந்தப் பக்கம் திரும்பியது, எந்தக் கை முதலில் துடித்தது என்பதை வைத்தே மூளையின் எந்தப் பகுதியில் தொடங்கியது என்று டாக்டர் ஓரளவு கண்டுபிடித்துவிடுவார். ஒரு நிமிட வீடியோ போதும்.

மூக்கில் அடிக்கும் ஸ்பிரே

மிடாசோலாம் மூக்கு ஸ்பிரே என்று ஒன்று உண்டு. டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்தால் கிடைக்கும். ஒரு தடவை நீண்ட வலிப்பு வந்தவர் வீட்டில் இது இருக்க வேண்டுமா என்று நீங்களாகவே டாக்டரிடம் கேளுங்கள். கேட்காவிட்டால் பலர் எழுதுவதில்லை.

ஆனால் வயதானவருக்கு இதில் ஒரு கவனம் தேவை. இந்த மருந்து மூச்சைக் குறைக்கும். பழைய ஆஸ்துமா, புகைபிடித்துக் கெட்ட நுரையீரல், தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் குறட்டை இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அளவு மாறும். கம்பெனிக்குக் கம்பெனி ஓர் அடிக்கு எவ்வளவு மருந்து வரும் என்பதும் மாறும். ஆகவே "எந்த நிமிடத்தில், எந்த மூக்குத் துளையில், எத்தனை அடி" என்று டாக்டர் கையாலேயே எழுதி வாங்கி, டப்பாவிலேயே ஒட்டிவிடுங்கள். மருந்துக் கடையில் வேறு கம்பெனி ஸ்பிரே கொடுத்தால் அந்தச் சீட்டு பொருந்தாது, மறுபடி கேட்க வேண்டும். அடித்த பிறகு பக்கத்திலேயே உட்கார்ந்து நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பாருங்கள். வலிப்பு நின்றுவிட்டாலும் 108-ஐத் திருப்பி அனுப்ப வேண்டாம்.

கை இழுக்காத வலிப்பு

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள்.

இழுப்பு நின்றது, அப்பா அசந்து கிடந்தார். "களைப்பில் தூங்குறார், எழுப்பாதீங்க" என்றார் பக்கத்து வீட்டுப் பெரியம்மா. நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். இமை மட்டும் லேசாகப் படபடத்துக்கொண்டிருந்தது, விழி ஒரே பக்கமாக நின்றது. பிறகுதான் தெரிந்தது, வெளியே நின்ற வலிப்பு மூளைக்குள் நிற்கவில்லை.

வயதானவர்களிடம் இது அடிக்கடி தவறவிடப்படுகிறது. கைகால் இழுக்காமல், மூளையில் மட்டும் மின் புயல் ஓடிக்கொண்டிருக்கும். இதை மறைவலிப்பு என்று சொல்லலாம். சில சமயம் பெரிய வலிப்பின் தொடர்ச்சியாக வரும். சில சமயம் பெரிய வலிப்பே வராமல் நேராக இப்படியே தொடங்கும். காலையில் நன்றாகப் பேசிக்கொண்டிருந்த பாட்டி மதியம் ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொல்வார். கூப்பிட்டால் வெறித்துப் பார்ப்பார். சேலைத் தலைப்பைப் பிடித்துப் பிடித்து இழுத்துக்கொண்டிருப்பார், வெறும் வாயை மென்று சப்புக் கொட்டுவார். வாயோரம் அல்லது இமை துடிக்கும். அரை மணி நேரம் தெளிந்தமாதிரி இருந்து மறுபடி மங்கிவிடும். வீட்டில் "வயசாயிடுச்சு, புத்தி தடுமாறுது" என்பார்கள், அல்லது காற்று கருப்பு என்று மந்திரிக்கக் கூட்டிப்போவார்கள்.

மறதி நோய் மாதங்களாக, வருடங்களாக வருவது. சில மணி நேரத்தில் ஒருவர் வேறு ஆளாக மாறிவிட்டால் அது வயது செய்த வேலை அல்ல. சிறுநீர்த் தொற்றாக இருக்கலாம், உப்பு குறைந்திருக்கலாம், பக்கவாதமாக இருக்கலாம், இந்த மறைவலிப்பாகவும் இருக்கலாம். எல்லாமே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவைதான். மறைவலிப்பை உறுதி செய்ய, மூளையின் மின் ஓட்டத்தைப் பதிவு செய்யும் ஈ.ஈ.ஜி. சோதனை எடுத்தாக வேண்டும். சி.டி. ஸ்கேனில் தெரியாது. "ஸ்கேன் நார்மல், வீட்டுக்குக் கூட்டிப் போங்க" என்று சொன்னாலும் ஆள் தெளியவில்லை என்றால், "ஈ.ஈ.ஜி. எடுத்துப் பார்க்கலாமா?" என்று பணிவாக, ஆனால் விடாமல் கேளுங்கள். எங்களுக்கு இந்தக் கேள்வி தெரியாததால் அரை நாள் போனது.

இன்னொரு வகையும் உண்டு. முழு நினைவோடு பேசிக்கொண்டிருப்பார், ஒரு கை அல்லது வாயோரம் மட்டும் மணிக்கணக்கில் துடித்துக்கொண்டே இருக்கும். சர்க்கரை மிக அதிகமாக ஏறிய முதியவர்களிடம் இதைப் பார்க்கலாம். நரம்புத் தளர்ச்சி என்று டானிக் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருக்காமல் சர்க்கரை பார்த்துவிட்டுக் கூட்டிப்போங்கள்.

வலிப்புக்குப் பின் வரும் குழப்பம் இளைஞர்களுக்குச் சில நிமிடமோ ஒரு மணி நேரமோ இருக்கும். முதியவர்களுக்குப் பல மணி நேரம், சில சமயம் ஓரிரு நாள்கூட நீடிக்கலாம். அது இயல்பான களைப்பா, மறைவலிப்பா என்று வீட்டில் உட்கார்ந்து முடிவு செய்ய முடியாது. அதேபோல் வலிப்புக்குப் பின் ஒரு பக்கக் கைகால் தற்காலிகமாக அசையாமல் போகலாம், புதுப் பக்கவாதம் போலவே இருக்கும். புதுப் பக்கவாதம்தான் என்றால், அடைப்பைக் கரைக்கும் ஊசிக்கு 4.5 மணி நேரம்தான் கெடு. எனவே கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆஸ்பத்திரியில் என்ன நடக்கும்

சி.டி. ஸ்கேனும் ஐ.சி.யூ-வும் உள்ள இடத்துக்குப் போங்கள். பக்கத்தில் இருக்கிறது என்பதற்காகச் சின்ன கிளினிக்கில் நிறுத்தினால் அங்கிருந்து மறுபடி வண்டி ஏற்ற வேண்டிவரும். மாவட்டத்தில் இருக்கும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை நல்ல தேர்வு.

முதலில் மூச்சு, பிராணவாயு, சர்க்கரை, ரத்த அழுத்தம் பார்ப்பார்கள். லோராசெபாம் நரம்பு வழியாகவோ, மிடாசோலாம் தசையிலோ போடுவார்கள். நரம்பு கிடைக்காத நேரத்தில் தசையில் போடும் ஊசி அதற்குக் குறைந்ததல்ல என்று 2012-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. அதில் நிற்கவில்லை என்றால் அடுத்து லெவெடிராசெட்டாம், ஃபாஸ்ஃபெனிடாயின், வால்ப்ரோயேட் ஆகிய மூன்றில் ஒன்று. 2019-இல் வந்த பெரிய ஆய்வில் மூன்றும் ஒரே அளவுக்குத்தான் வேலை செய்தன, ஏறக்குறைய பாதிப் பேருக்கு. ஆகவே "விலை அதிகமான ஊசி போடலியா" என்று வாதாட வேண்டியதில்லை. எதைத் தேர்ந்தெடுப்பது என்பதை அவரது உடம்புதான் தீர்மானிக்கும். ஃபெனிடாயின் வகை ரத்த அழுத்தத்தையும் இதயத் துடிப்பையும் பாதிக்கலாம், லெவெடிராசெட்டாம் அளவைச் சிறுநீரகத்தின் நிலையைப் பார்த்துக் குறைக்க வேண்டும், வால்ப்ரோயேட்டுக்குக் கல்லீரல் நன்றாக இருக்க வேண்டும். இதயத்தில் ஸ்டென்ட், ரத்தத்தில் கிரியாட்டினின் (கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் அளவு) அதிகம் போன்றவற்றை நீங்கள் சொன்னால்தான் அவர்களுக்குத் தெரியும்.

இரண்டாவது மருந்துக்கும் அடங்காவிட்டால் மயக்க மருந்து கொடுத்து வென்டிலேட்டரில் வைப்பார்கள். அந்த நேரத்தில் உங்களிடம் கையெழுத்துக் கேட்பார்கள். வென்டிலேட்டர் என்றதும் எல்லாம் முடிந்தது என்று நினைக்க வேண்டாம். இங்கே அது மூளைக்கு ஓய்வு கொடுக்கும்போது மூச்சைப் பார்த்துக்கொள்ளும் கருவி. அதே சமயம், 85 வயதில் பல நோய்களோடு இருப்பவருக்கு எதுவரை போகலாம் என்று டாக்டரிடம் நேராகக் கேட்பதில் தவறில்லை. வயதானவர்களுக்குத் தொடர்வலிப்பில் உயிராபத்து இளையவர்களைவிட அதிகம் என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டியிருக்கிறது. அது பெரும்பாலும் வலிப்புக்குப் பின்னால் இருக்கும் காரணத்தைப் பொறுத்தது.

காரணத்தைத் தேடும் வேலை கூடவே நடக்கும். முதியவர்களில் முதலிடம் பக்கவாதத்துக்கு, புதியதும் பழைய தழும்பும் சேர்த்து. அப்புறம் மறதி நோய், மூளைக்கட்டி, விழுந்ததில் மண்டைக்குள் ரத்தக் கசிவு, மூளைக் காய்ச்சல், சர்க்கரை ஏற்ற இறக்கம், குடியை திடீரென்று நிறுத்துவது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர் இரண்டு வாரத்துக்கு முன் கீழே விழுந்திருந்தாலும் சொல்லுங்கள், கசிவு மெதுவாகவே சேரும். நம் வீடுகளில் அதிகம் கேட்கும் காரணம் "உடம்புல உப்பு குறைஞ்சிருச்சு", அதாவது சோடியம். ரத்த அழுத்தத்துக்கு, நீர் பிரியும் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே உப்பை அறவே ஒதுக்குபவர்களுக்கு இது வரும். வலிப்புக்குக் கொடுக்கும் கார்பமசெபைன், ஆக்ஸ்கார்பசெபைன் மாத்திரைகளும் சோடியத்தைக் குறைக்கும். வீட்டில் நீங்களாக உப்புக் கரைத்துக் கொடுத்துச் சரிசெய்ய முயலாதீர்கள். வேகமாக ஏற்றினாலும் மூளைக்கு ஆபத்து.

தெளிந்த பிறகு தோள், முதுகு, இடுப்பு வலிக்கிறது என்றால் அலட்சியம் வேண்டாம். வலிப்பின் விசையிலேயே தோள் மூட்டு விலகுவதும், முதுகெலும்பு நசுங்குவதும் இந்த வயதில் நடக்கும். எக்ஸ்ரே கேளுங்கள்.

வீட்டுக்கு வந்தபின்

வலிப்பு திரும்ப வருவதற்கு மிகச் சாதாரணமான காரணம், மாத்திரை விட்டுப்போவது. ஏகாதசி விரதம் என்று காலை மாத்திரையை விடுவார்கள், ஊருக்குப் போகும்போது டப்பாவை மறப்பார்கள், "ஒரு வருஷமா வரலையே" என்று தானாக நிறுத்துவார்கள். அம்மா சஷ்டி விரதம் இருக்கும் நாளில் அப்பாவும் சேர்ந்துகொள்வார். மாத்திரைக்கு ஒரு வாய்த் தண்ணீர் முருகனுக்குத் தெரியும் என்று பேசிச் சம்மதிக்க வைத்தோம். கண் ஆபரேஷனுக்கு வெறும் வயிற்றில் வரச் சொன்னாலும், வலிப்பு மாத்திரையை என்ன செய்வது என்று தனியாகக் கேளுங்கள். மாத்திரை போட்டவுடன் வாந்தி எடுத்தால் இன்னொன்று கொடுக்கலாமா என்பதையும் முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

வேறு டாக்டரிடம் போகும்போதெல்லாம் "இவருக்கு வலிப்பு உண்டு" என்று சொல்வது உங்கள் வேலை. மூட்டு வலிக்குக் கொடுக்கும் டிரமடால் வலிப்பைத் தூண்டலாம். சிப்ரோஃப்ளாக்சசின், செஃபெபைம் போன்ற சில ஆன்டிபயாடிக்குகள், குறிப்பாகக் கிட்னி பலவீனமானவருக்கு, அப்படிச் செய்யலாம். ஃபெனிடாயினும் கார்பமசெபைனும் வார்ஃபரின் போன்ற, ரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் மாத்திரையின் வேலையைக் குலைக்கும், எலும்பையும் மெலியவைக்கும். லெவெடிராசெட்டாம் ஆரம்பித்த பிறகு சாதுவான மனிதர் எரிந்து விழ ஆரம்பித்தால், அது குணம் மாறியதல்ல, மருந்தின் விளைவாக இருக்கலாம். திட்டாமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

குளியலறைத் தாழ்ப்பாளை நாங்கள் கழற்றிவிட்டோம், ஒரு திரை மட்டும். சமையலறை அடுப்பின் அருகில் தனியாக நிற்கவிடுவதில்லை. வண்டி ஓட்டுவதை நிறுத்த வைத்ததுதான் அப்பாவுக்கு வலிப்பைவிடப் பெரிய வேதனையாக இருந்தது. தினமும் சாயங்காலம் யாராவது ஒருவர் அவரைப் பின்னால் உட்காரவைத்து டீக்கடைவரை போய்வருகிறோம்.

கடைசியாக ஒரு காகிதம். பெயர், வயது, என்ன நோய்கள், எல்லா மாத்திரைகளும் அவற்றின் மில்லிகிராமும், எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, பழைய வலிப்புகளின் தேதியும் நீடித்த நிமிடங்களும், கிரியாட்டினின், சோடியம் கடைசி அளவு, டாக்டரின் போன் எண். டிஸ்சார்ஜ் சம்மரியின் ஜெராக்ஸோடு சேர்த்து ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு ஃபிரிட்ஜ் கதவின் வெளிப்பக்கம் மாட்டுங்கள், இன்னொன்று அவர் சட்டைப் பையில். கவருக்குப் பக்கத்திலேயே ஸ்பிரே டப்பா. மாதத்தின் முதல் தேதியில் காலண்டர் தாளைப் புரட்டும்போது, அந்த டப்பாவில் காலாவதித் தேதியையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.